ஈரம் உலரும் வரை

விறகுக்கடையில் அடுக்கியிருக்கும் உருட்டுக்கட்டைகளின் வெட்டுமுகத்தைப் பார்த்தால் பலவற்றில் ஒரே மாதிரி வெடிப்பு தெரியும். நடுவில் ஊசிமுனையாகத் தொடங்கி, பட்டையை நோக்கி வர வர அகன்று, வாய் பிளந்து நிற்கும். அது கோடரி போட்ட பிளவு அல்ல. காயக் காய மரம் தானே பிளந்துகொண்டது. ஏன் பிளந்தது என்று விளங்கிவிட்டால் மரக் கடைசலில் பாதி விளங்கிய மாதிரி. மீதிப் பாதி கைக்கு வர வேண்டியது.

பச்சை மரத்தில் நீர் இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, செல்களின் உட்குழிவில் நிற்கும் நீர். மற்றொன்று, செல் சுவர்களுக்குள்ளேயே ஊறிப்போன நீர். வெட்டிய மரத்தில் முதலில் வெளியேறுவது உட்குழிவு நீர்தான். அப்போது கட்டையின் எடை குறையும், அளவு மாறாது. மரத்தின் உலர்ந்த எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் என்ற அளவுக்கு ஈரம் இறங்கிய பிறகுதான் சுவர் நீர் கசியத் தொடங்குகிறது. சுருக்கம் ஆரம்பிப்பதும் அப்போதுதான்.

அந்தச் சுருக்கம் எல்லாத் திசையிலும் ஒரே அளவாக இருந்திருந்தால் தச்சர்களுக்குப் பாதி கவலை இல்லாமல் போயிருக்கும். மரம் நெடுக்கில் அநேகமாகச் சுருங்குவதே இல்லை, பொதுவாக 0.1 முதல் 0.2 சதவீதம்தான். நடுவிலிருந்து பட்டையை நோக்கிய ஆரத் திசையில் ஓர் அளவும், ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் அதைப்போல் சுமார் இரண்டு மடங்கும் சுருங்கும். சர்க்கரை மேப்பிள் மரம் முழுக்க உலரும்போது ஆரத் திசையில் 4.8 சதவீதமும் வளையத் திசையில் 9.9 சதவீதமும் சுருங்குகிறது. தேக்கு மரம் 2.5, 5.8 என்ற அளவோடு நின்றுகொள்கிறது. அதற்கு வந்த பேரும் புகழும் சும்மா வந்ததல்ல. இப்போது மேப்பிள் கட்டையின் வெட்டுமுகத்தை ஒரு வட்டமாக நினைத்துக்கொள்ளலாம். அதன் சுற்றளவு பத்துப் பங்கில் ஒரு பங்கு குறைய வேண்டும். ஆரமோ இருபதில் ஒரு பங்குதான் குறைகிறது. அப்படி ஒரு வட்டம் கணிதத்தில் கிடையாது. எனவே எங்காவது ஓரிடத்தில் வட்டம் உடைந்தாக வேண்டும். விறகுக்கட்டையின் பிளவு அந்தக் கணக்கின் விடை.

இதே மேப்பிளைப் பச்சையாகவே, மரத்தைச் சுழற்றும் இயந்திரமான லேத்தில் ஏற்றி, 30 செ.மீ. விட்டத்தில் கிண்ணமாகக் கடைந்து அலமாரியில் வைத்தால், சில வாரங்களில் அது ஒரு திசையில் 30 செ.மீ. ஆகவே நிற்கும், குறுக்குத் திசையில் 28 செ.மீ. பக்கம் போய்விடும். சுவர் மெல்லியதாக இருந்தால் நெளிந்து கொடுத்துத் தப்பிக்கும். தடிமனாக இருந்தால் வெடிக்கும். மரத்தின் நட்டநடுச் சோற்றி உள்ளே மாட்டிக்கொண்டிருந்தால் வெடிக்காமல் தப்புவது அபூர்வம். அதனால்தான் கிண்ணம் கடைபவர்கள் கட்டையை நெடுக்கே சோற்றியின் வழியாகவே இரண்டாக அறுத்து, அந்தப் பகுதியைச் சீவி எறிந்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறார்கள்.

அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் வாழ்ந்த எட் மோல்த்ரப் (1916–2003) இந்தச் சுருக்கத்தோடு மல்லுக்கட்டியே பெயர் வாங்கியவர். கட்டடக்கலைஞர், ஜார்ஜியா டெக் கல்வி நிறுவனத்தில் பாடமும் நடத்தியவர். 1970-களில் வரைபலகையை மூடி வைத்துவிட்டு முழுநேரமும் லேத்தின் முன்னால் நிற்கத் தொடங்கினார். அவருக்குச் சின்னக் கிண்ணங்களில் மனம் நிற்கவில்லை. ட்யூலிப் பாப்ளர் போன்ற அந்த வட்டாரத்து மரங்களின் அடிக்கட்டைகளைப் பெரும் உருண்டைகளாகக் கடைந்தார். நூற்றுக்கணக்கான கிலோ கட்டையைத் தாங்கும் லேத் கடையில் கிடைக்காததால் இயந்திரத்தையும் நீண்ட பிடி போட்ட கருவிகளையும் தாமே செய்துகொண்டார். இவ்வளவு பெரிய கட்டை உலர வருடங்கள் ஆகும், உலர்வதற்குள் வெடித்தும்விடும். அவர் கண்ட வழி, சுவர் நீரை வெளியே அனுப்பும்போதே அதன் இடத்தில் வேறொன்றைக் குடியேற்றுவது.

அந்த வேறொன்று பாலிஎதிலீன் கிளைக்கால். நீரில் கரையும் மெழுகு மாதிரியான பொருள். பச்சைக் கிண்ணத்தை இதன் கரைசலில் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஊறவைத்தால், அதன் மூலக்கூறுகள் செல் சுவர்களுக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். நீர் போனாலும் சுவர் உப்பியபடியே இருக்கும், சுருங்க வழியில்லை. ஒரு போர்க்கப்பலையே இந்தப் பொருள்தான் காப்பாற்றியது. 1628-இல் தன் முதல் பயணத்திலேயே ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் மூழ்கிய வாசா என்ற கப்பலை 1961-இல் தூக்கி எடுத்தார்கள். 333 ஆண்டு நீரில் ஊறிய ஓக் மரம் காற்றுப் பட்டால் சுருங்கிச் சிதைந்துவிடும் என்பதால் பாலிஎதிலீன் கிளைக்கால் கரைசலை அதன் மீது 17 ஆண்டுகள் தெளித்தார்கள்.

மோல்த்ரப்பின் மகன் பிலிப், வழக்கறிஞராக இருந்தவர், தந்தையின் வழியிலேயே கடைசலுக்கு வந்தார். பேரன் மேட்டும் அதே தொழில்தான்.

கரைசல் தொட்டியெல்லாம் எல்லாருக்கும் தேவையில்லை. சாதாரணக் கடைசல்காரர்கள் கையாளும் முறை இன்னும் எளிமையானது: இரண்டு முறை கடைவது. பச்சையாக இருக்கும்போதே கிண்ணத்தை முரட்டு வடிவில், விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு சுவர்த் தடிமன் இருக்கும்படி கடைந்துவிடுவார்கள். 30 செ.மீ. கிண்ணத்துக்கு 3 செ.மீ. சுவர். நார் முனைகள் வழியாகத்தான் ஈரம் வேகமாக ஓடும் என்பதால் அங்கே மெழுகு பூசி, காகிதப் பையில் போட்டு, காற்று அதிகம் அடிக்காத மூலையில் வைத்துவிடுவார்கள். அடியில் பென்சிலால் தேதியும் எடையும் எழுதியிருக்கும். சமையலறைத் தராசில் மாதத்துக்கு ஒருமுறை நிறுத்துப் பார்த்து, எடை இறங்குவது நின்றதும் கிண்ணம் தயார் என்று முடிவு செய்வார்கள். ஆறு மாதம் ஆகலாம், ஒரு வருடமும் ஆகலாம். அதற்குள் அது முட்டை வடிவத்துக்குக் கோணியிருக்கும். கூடுதலாக விட்ட தடிமன் இதற்குத்தான். இரண்டாம் முறை கடையும்போது கோணல் போய் மறுபடி வட்டமாகிவிடும்.

பணி ஓய்வு பெற்றவர்களுக்கும் இந்தக் கலைக்கும் உள்ள பொருத்தம் இங்கேதான் இருக்கிறது. கூலிக்குக் கடைபவருக்கு ஒரு வருடம் என்பது முடங்கிய முதல்; அவர் சூளையில் உலர்த்திய மரத்தை விலை கொடுத்து வாங்க வேண்டும். மாதாமாதம் ஓய்வூதியம் வாங்குகிறவரோ, புயலில் சாய்ந்த பக்கத்து வீட்டு மரத்தைக் கேட்டு வாங்கி, இருபது கிண்ணங்களை முரட்டு வடிவில் கடைந்து அலமாரியில் அடுக்கிவிட்டு அடுத்த வேலைக்குப் போகலாம். மூலப்பொருளுக்கு அவர் தரும் விலை காத்திருப்பது மட்டுமே. அதற்காகச் செலவே இல்லை என்று யாரும் நம்பிவிட வேண்டாம். லேத் வாங்குவதோடு பை காலியாவது நிற்காது. மரத்தைப் பிடிக்கும் சக், உளிகள், அவற்றைச் சாணை பிடிக்கும் கிரைண்டர், முகக் கவசம் என்று வரிசையாக வரும்.

ஓய்வு நேரத்தில் கடைவது புது வழக்கமும் அல்ல. ரஷ்யாவின் பேரரசர் பீட்டர் அரண்மனையிலேயே கடைசல் கூடம் வைத்திருந்தார். ஆந்திரேய் நார்த்தோவ் என்ற வல்லுநர் அவருக்காக உருவாக்கிய இயந்திரங்கள் இன்றும் ஹெர்மிடேஜ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 1701-இல் சார்ல் ப்ளூமியே என்ற பிரெஞ்சுத் துறவி கடைசல் கலைக்கென்றே படங்களோடு ஒரு பெரிய நூல் வெளியிட்டார். பின்னர் லண்டனில் ஹோல்ட்ஸாப்ஃபெல் குடும்பத்தார் 1790-களில் தொடங்கி ஒரு நூற்றாண்டுக்கும் மேல் பிரபுக்களுக்காக அலங்காரக் கடைசல் லேத்துகளைச் செய்து விற்றார்கள். அவற்றில் வெட்டும் கருவியே சுழலும். மரமும் அதற்கேற்ப அசைந்து கொடுக்கும். தந்தத்திலும் கருங்காலியிலும் பூவிதழ் போன்ற வரிகள் விழும். பணக்காரப் பொழுதுபோக்கு. கையால் உளி பிடித்துக் கடைவதை ஒரு கலையாகச் சாதாரண மனிதர்கள் எடுத்துக்கொண்டது 20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான். 1985-இல் டென்னசி மாநிலத்து ஆரோமாண்ட் கைவினைப் பள்ளியில் கூடிய மாநாட்டின் தொடர்ச்சியாக, 1986-இல் அமெரிக்க மரக் கடைசல்காரர் சங்கம் தோன்றியது. இன்று அதன் உள்ளூர்க் கிளைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. கூட்டங்களில் நரைத்த தலைகளே அதிகம்.

சரி, கைக்கு வர வேண்டிய பாதி என்ன?

லேத்தில் உளி நிற்கும், மரம்தான் ஓடும். எவ்வளவு வேகத்தில் என்பதற்குக் கடைசல்காரர்களிடம் ஒரு கைக்கணக்கு உண்டு: விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, நிமிடத்துக்கான சுற்றுகளால் பெருக்கினால் 6,000-க்கும் 9,000-க்கும் இடையில் வர வேண்டும். 10 அங்குலக் கிண்ணத்துக்கு 800 சுற்று சரி. கேட்க மெதுவாகத் தோன்றும். ஆனால் அதன் விளிம்பு மணிக்கு 38 கி.மீ. வேகத்தில் உளியைக் கடக்கிறது. அந்த விளிம்பில் ஒட்டியிருக்கும் 10 கிராம் பட்டைத் துண்டை அங்கேயே பிடித்து வைத்திருக்க, அதன் எடையைப் போல் 90 மடங்கு, அதாவது கிட்டத்தட்ட 900 கிராம் எடைக்குச் சமமான விசை வேண்டும். சுற்று வேகத்தை இரண்டு மடங்காக்கினால் விசை நான்கு மடங்காகும். வெடிப்பு விட்ட கட்டை, தொங்கும் பட்டை ஆகியவற்றுக்கு முன்னால் முகக் கவசம் இல்லாமல் நிற்கக் கூடாது என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

அதே நேரம், உளியின் அலகு ஒரே மரத்தைச் சந்திப்பதில்லை. கிண்ணம் ஒருமுறை சுற்றி வருவதற்குள் நாரின் முனை இரண்டு தடவை, நாரின் பக்கவாட்டு இரண்டு தடவை அலகுக்கு எதிரே வருகிறது. நிமிடத்துக்கு 800 சுற்றில் நொடிக்கு ஐம்பது தடவைக்கு மேல் மரத்தின் குணம் மாறுகிறது. தப்பான திசையில் வெட்டினால் நார் பிய்ந்து சொரசொரப்பாகும். கிண்ணத்தின் வெளிப்புறத்தை அடியிலிருந்து விளிம்பை நோக்கியும், உட்புறத்தை விளிம்பிலிருந்து நடுவை நோக்கியும் வெட்டச் சொல்வது இதனால்தான்: அப்போது ஒவ்வொரு நாருக்கும் பின்னால் இன்னொரு நார் தாங்கிக்கொண்டு நிற்கும்.

புதியவர்களைப் பயமுறுத்துவது உளி மாட்டிக்கொள்வது. தாங்கு இல்லாத அலகு மரத்துக்குள் திடீரென்று ஆழமாகப் பாய்ந்து, கை அதிர, கிண்ணம் சக்கிலிருந்தே பிடுங்கிக்கொள்ளும். அதைத் தவிர்க்கும் ஒழுங்கு எளிது. உளி முதலில் அதை ஊன்றிப் பிடிக்க லேத்தில் இருக்கும் தாங்கியைத் தொட வேண்டும். அடுத்து அலகுக்குப் பின்னால் இருக்கும் சாய்வு முகம் மரத்தின் மேல் உரச வேண்டும். அதன் பிறகே பிடியை மெல்ல உயர்த்தி அலகை மரத்துக்குள் விட வேண்டும். சொல்ல ஒரு நிமிடம். உடம்பில் ஊற மாதங்கள். இதற்குத் தோள் பலம் தேவையில்லை, வெட்டும் பலத்தை மோட்டார் தருகிறது. பிடியை இடுப்போடு சேர்த்து, உடம்பின் எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றித்தான் வளைவு வெட்டுகிறார்கள். லேத்தின் அச்சு முழங்கை உயரத்தில் இருந்தால் முதுகும் பிழைக்கும். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே கடைய ஏற்ற லேத்துகளும் சந்தையில் உண்டு.

லண்டன் ராயல் கலைக் கல்லூரியில் அறைகலன் வடிவமைப்புப் பேராசிரியராக இருந்த டேவிட் பை, தாமும் கிண்ணங்களும் டப்பாக்களும் கடைந்தவர். 1968-இல் வெளியான தம் நூலில் கைவேலையை இரண்டாகப் பிரித்தார். விளைவு முன்கூட்டியே உறுதியாகிவிட்ட வேலை ஒன்று. கடைசி நொடி வரை கெட்டுப்போகும் வாய்ப்புள்ள வேலை மற்றொன்று. கடைசல் இரண்டாம் வகை. சுவரை 3 மி.மீ. வரை இறக்கிய பிறகும் ஒரு கை நடுக்கத்தில் எல்லாம் போய்விடலாம். சுவர் மெலிய மெலிய உளியின் ஓசை மாறுவதைக் கேட்டும், பச்சை மரமானால் பின்னால் விளக்கு வைத்து ஊடுருவி வரும் வெளிச்சத்தைப் பார்த்தும் தடிமனைக் கணிக்கிறார்கள். கண், காது, கை மூன்றும் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன.

இப்படிப்பட்ட கடினமான ஒன்றை முதிய வயதில் கற்பதால் மூளைக்கு நன்மை உண்டா? டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டெனிஸ் பார்க் குழுவினர் 60 முதல் 90 வயது வரையுள்ள 221 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2014-இல் வெளிவந்தது. சிலருக்கு டிஜிட்டல் புகைப்படக் கலை, சிலருக்குத் துணி ஒட்டுத் தையல், சிலருக்கு இரண்டும் கற்றுக்கொடுத்தார்கள். வாரத்துக்குச் சுமார் 15 மணி நேரம், மூன்று மாதம். இன்னொரு குழு அதே அளவு நேரம் கூடிப் பேசி, ஊர் சுற்றி, விளையாடிக் கழித்தது. நினைவாற்றல் மேம்பட்டது புதிதாகக் கற்றவர்களுக்குத்தான், அதிலும் புகைப்படம் கற்றவர்களுக்கு அதிகம். அடுத்த ஆண்டு மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் 85 வயது கடந்த 256 பேரை நான்கு ஆண்டு தொடர்ந்து கவனித்த முடிவை வெளியிட்டார்கள். மரவேலை, மண்பாண்டம், தையல் போன்ற கைவினைகளில் ஈடுபட்டிருந்தவர்களுக்கு லேசான அறிவாற்றல் குறைபாடு வரும் வாய்ப்பு 45 சதவீதம் குறைவாக இருந்தது. இந்த இரண்டாம் ஆய்வை அப்படியே விழுங்கிவிடக் கூடாது. மூளை தெளிவாக இருப்பவர்கள்தான் அந்த வயதிலும் உளியையும் ஊசியையும் தொடுகிறார்கள் என்றும் அதே எண்களைப் படிக்கலாம். முதல் ஆய்வில் யார் எந்தக் குழு என்பதை ஆய்வாளர்களே பிரித்துக் கொடுத்ததால் அதற்கு எடை கூடுதல்.

ஈரத்தின் கதையில் இன்னொரு கிளை உண்டு: உலர விடாமலே வைத்தால் என்ன ஆகும் என்பது. மெல் லிண்ட்குவிஸ்ட் (1911–2000) ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பொறியாளர். உலோகம் கடைவதில் கைதேர்ந்தவர். அவரும் மகன் மார்க்கும், பிறர் அடுப்பில் போடும் பாதி உளுத்த மரத்தை எடுத்துக் கடைந்தார்கள். ஈரமான கட்டையைத் தரையில் போட்டுவைத்தால் பூஞ்சைகள் குடியேறும். ஒரு வகை, மரத்திலுள்ள லிக்னின் என்ற பொருளைத் தின்று மரத்தை வெளுக்கச் செய்யும். வேறு வேறு பூஞ்சைக் கூட்டங்கள் எல்லையில் மோதிக்கொள்ளும்போது தத்தம் இடத்தைக் காக்கக் கரிய நிறமிச் சுவர் எழுப்பும். கட்டையை அறுத்தால் அந்தச் சுவர்கள் மையால் வரைந்த மெல்லிய கோடுகளாக ஓடும். அழுகல் ஓரளவோடு நின்றால் அது சித்திரம். தாண்டினால் மரம் பஞ்சு. கெட்டியும் மென்மையும் அடுத்தடுத்து வரும் இந்த மரம் சாதாரண உளிக்குப் பிய்ந்துகொண்டு வந்தது. உலோகப் பட்டறை அனுபவம் மெல்லுக்குக் கைகொடுத்தது: கார்பைடு முனைக் கருவிகளையும், குறுகிய வாய் வழியே கண்ணால் பார்க்காமலே உள்ளே குடையும் ஒரு முறையையும் கடைசலுக்குக் கொண்டுவந்தார். 1977-இல் ஃபைன் உட்வொர்க்கிங் இதழில் மார்க் எழுதிய கட்டுரைக்குப் பிறகு, உளுத்த கட்டைக்குத் தனி மவுசு வந்துவிட்டது.

அந்த அழகைத் தேடிப் போகிறவர்கள் மூச்சுக் கவசத்தையும் எடுத்துக்கொள்ள வேண்டும். சீவல் பறக்கும்போது பெரிதாகத் தீங்கில்லை. உப்புத்தாள் போடும்போது எழும் கண்ணுக்குத் தெரியாத தூள்தான் நுரையீரலுக்குள் போகிறது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இல் மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றே வகைப்படுத்தியது. ஈட்டி மரத்தின் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பைக் கிளப்பும். கையுறை, தொளதொளப்பான முழுக்கை, கழுத்துச் சங்கிலி எதுவும் சுழலும் மரத்தின் பக்கம் போகக் கூடாது. தோளில் துண்டு போட்டுக்கொண்டு லேத் முன்னால் நிற்பது தற்கொலை முயற்சி.

மெருகேற்றும் எண்ணெயிலும் ஒரு வேதியியல் ஒளிந்திருக்கிறது. ஆளிவிதை எண்ணெய் நீரைப்போல் ஆவியாகி உலர்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது, இறுகும்போது வெப்பம் விடுகிறது. எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போட்டால் வெப்பம் வெளியேற வழியில்லாமல் தானே தீப்பிடிக்கும். 1991 பிப்ரவரியில் பிலடெல்பியா நகரில் 38 மாடி ஒன் மெரிடியன் பிளாசா கட்டடம் எரிந்ததும், மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்ததும் இப்படி விட்டுப்போன துணிகளால்தான். துணியை விரித்துக் கொடியில் காயப் போடலாம், அல்லது நீர் நிரம்பிய மூடிபோட்ட தகரத்தில் போடலாம்.

எண்ணெய் வேண்டாம், வருடக்கணக்கில் காத்திருக்கவும் முடியாது என்பவர்களுக்குச் சின்னப் பொருள்களே நல்ல தொடக்கம்: பம்பரம், சாவிக்கொத்துக் குமிழ், செப்புச் சாமான். சின்னத் துண்டு சீக்கிரம் உலரும், வெடித்தாலும் நட்டமில்லை. பெங்களூருக்கும் மைசூருக்கும் நடுவிலுள்ள சென்னபட்டணத்திலும், ஆந்திரத்தின் ஏட்டிகொப்பாக்காவிலும் கடைசல்காரர்கள் இதற்கு வெட்பாலை மரத்தைப் பயன்படுத்துகிறார்கள்; நுண்ணிய இழையும் வெளிர் நிறமும் கொண்ட இளகிய மரம் அது. பூச்சுக்கு அரக்கு. நிறம் கலந்த அரக்குக் குச்சியைச் சுழலும் பொம்மையின் மேல் அழுத்தினால், உராய்வின் வெப்பத்திலேயே அது இளகி மரத்தில் ஏறிக்கொள்ளும். 75 டிகிரி செல்சியஸ் அளவே போதும். தாழை ஓலையை மடித்து மேலே பிடித்தால் பூச்சு பரவிப் பளபளக்கும். தூரிகையும் இல்லை, உலர நேரமும் வேண்டியதில்லை.

அரக்கு ஒரு பூச்சி சுரக்கும் பிசின்; சுத்திகரித்த வடிவில் மாத்திரைகளுக்கும் மிட்டாய்களுக்கும் மேல்பூச்சாகவும் போகிறது. சந்தேகம் வருவது அதில் கலக்கும் நிறத்தில்தான். ஏட்டிகொப்பாக்காவில் சி.வி. ராஜு தாவரச் சாயங்களை மீண்டும் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். 2023-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. மஞ்சள் கிழங்கிலிருந்து மஞ்சள், அவுரியிலிருந்து நீலம் என்று போகிறது அந்த வழி. கடையில் வண்ண அரக்கு வாங்கி வீட்டிலேயே பம்பரம் கடையப் போகிறவர், நிறம் எதிலிருந்து எடுத்தது என்று கேட்டு வாங்குவது நல்லது. சின்னப் பிள்ளைகள் பொம்மையை முதலில் கொண்டுபோவது வாய்க்குத்தான்.